ஆறாத கால் புண்: மரபணு ஆய்வு பற்றி வாசகர் கேள்விகள்

நீரிழிவால் வரும் கால் புண்ணில் செல்கள் எந்த மரபணுக்களை இயக்குகின்றன, எவற்றை நிறுத்திவைக்கின்றன என்று பார்க்கும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் அப்பாவுக்கு வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஐந்து மாதமாகப் புண். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 11-ல் இருந்து 7-க்கு இறங்கிவிட்டது. ஆனாலும் புண் அப்படியே இருக்கிறது. மரபணுதான் காரணம் என்றால் இது பரம்பரைக் கோளாறா? எனக்கும் தங்கைக்கும் வருமா?
(வாசகர், சேலம்)

பதில்: பரம்பரைக் கோளாறு இல்லை. மரபணு என்றதும் தாத்தா, பாட்டி வழி வந்த சொத்துதான் நினைவுக்கு வருகிறது. அதனால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். கண்ணில் இருப்பதும் குதிகாலில் இருப்பதும் அதுவே. எந்தச் செல், எந்த மரபணுவை, எந்த நேரத்தில், எவ்வளவு ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்தப் படியெடுப்புக்குத்தான் மரபணு வெளிப்பாடு என்று பெயர். அது பிறப்பில் எழுதி வைத்தது அல்ல. மணிக்கு மணி மாறக்கூடியது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குடும்பத்தில் ஓடுவது வேறு விஷயம். அதற்காக நீங்களும் தங்கையும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆரோக்கியமான தோலில் ஒரு வெட்டு விழுந்தால், சில மணி நேரத்தில் விளிம்பில் இருக்கும் தோல் செல்கள் கெரட்டின் 6, 16, 17 ஆகியவற்றுக்கான மரபணுக்களை ஏற்றிவிட்டு, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடியைத் தளர்த்தி, புண்ணின் மேல் ஊர்ந்து செல்லத் தயாராகும். முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேரும். இரண்டு, மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும். பிறகு அவையே திசு கட்டும் வேலைக்கு மாறும். அப்பாவின் புண்ணில் இந்த வரிசை நடுவில் எங்கோ நின்றுபோயிருக்கிறது.

எங்கே நிற்கிறது என்பதில் இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. 2020-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, நீரிழிவுக் கால் புண்ணை மனிதத் தோலின் புதுக் காயத்தோடும் வாய்க்குள் ஏற்படும் காயத்தோடும் ஒப்பிட்டது. வாய்ப்புண் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பது நமக்கே தெரியும். அங்கே முழுவேகத்தில் இயங்கும் ஃபாக்ஸ்எம்1 என்ற கட்டுப்பாட்டு மரபணு, கால் புண்ணில் அடங்கிக் கிடந்தது. நியூட்ரோஃபில்களையும் மேக்ரோஃபேஜ்களையும் வரவழைக்கும் வேலை குன்றியிருந்தது. ஆறாத புண் என்றால் அழற்சி அளவுக்கு மீறிவிட்டது என்றே பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. தேவையான செல்கள் தேவையான அளவுக்கு வரவே இல்லை என்பதும் அதே புண்ணின் உண்மை என்று இந்த ஆய்வு காட்டியது.

2022-ல் பாஸ்டனில் இருந்து வந்த இன்னொரு ஆய்வு 1,74,962 செல்களைத் தனித்தனியாகப் படித்தது. புண் ஆறியவர்களிடம் ஒரு தனிவகை ஃபைப்ரோபிளாஸ்ட் அதிகம் இருந்தது. இவை திசு நாரைக் கட்டும் செல்கள். பழைய திசு நாரை வெட்டும் நொதிகளுக்கான எம்எம்பி1, எம்எம்பி3, எம்எம்பி11, ஆக்சிஜன் குறைவுக்கு ஈடுகொடுக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபா ஆகிய மரபணுக்கள் அவற்றில் ஓங்கியிருந்தன. புண்ணின் படுகையில்தான் அவை கூடியிருந்தன.

சர்க்கரை இறங்கியும் புண் ஆறாததற்கு ஒரு காரணம், பல மாதம் உயர்ந்திருந்த சர்க்கரை டிஎன்ஏவின் மேலும் அது சுற்றியிருக்கும் புரதங்களின் மேலும் வேதிக் குறிகளை விட்டுவிட்டுப் போவது. எச்பிஏ1சி 7-க்கு வந்த பிறகும் அந்தக் குறிகள் உடனே அழிவதில்லை. ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லி உங்களை அனுப்பக் கூடாது. ஐந்து மாதப் புண்ணில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. கால் விரலின் ரத்த அழுத்தம் 30 மி.மீ.க்குக் கீழே இருக்கிறதா? மருத்துவர் மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டால் எலும்பு தட்டுப்படுகிறதா? அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையோடு ஒப்பிடும் ஏபிஐ கணக்கு 1.3-க்கு மேல் வந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அந்த எண் பொய்யாக உயரும். விரல் அழுத்தத்தை அளந்து பார்க்கக் கேளுங்கள்.

கேள்வி: வாரா வாரம் புண்ணின் ஓரத்தைக் கத்தியால் சீவுகிறார்கள். ரத்தம் வருகிறது. சிறிய புண்ணைப் பெரிதாக்குவது போல இருக்கிறது. தேவைதானா?
(வாசகி, திருச்சி)

பதில்: தேவை. மரபணு வெளிப்பாட்டு ஆய்வு மருத்துவத்துக்குத் தந்த மிகத் தெளிவான விடை இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஆறாத புண்ணின் ஓரம் தடித்து, வெளுத்து, மேடு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மர்ஜானா டோமிச்-கானிச் தலைமையிலான குழு 2005-ல் நாட்பட்ட புண்களின் விளிம்பை எடுத்து ஆராய்ந்தது. பீட்டா-கேட்டனின் என்ற புரதம் வழக்கமாகச் செல்லின் எல்லையில் இருக்கும். இந்த விளிம்பில் அது செல்லின் கருவுக்குள் புகுந்திருந்தது. அங்கே அது சி-மிக் என்ற மரபணுவை ஏற்றிவிட்டிருந்தது. சி-மிக் ஓங்கினால் தோல் செல்கள் பெருகுகின்றன, ஆனால் நகர்வதில்லை. ஓரம் தடிப்பதற்கும் புண் மூடாமல் இருப்பதற்கும் இந்த ஒரே காரணம் போதும். அதே குழு பின்னர் ஓரத்துச் செல்களையும், சற்றுத் தள்ளி நல்ல தோலை ஒட்டிய செல்களையும் தனித்தனியே ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தது. தள்ளி எடுத்தவை நன்றாக நகர்ந்தன. ஓரத்தில் எடுத்தவை பின்தங்கின.

ஆகவே மருத்துவர் சீவி எடுப்பது, ஆறும் திறனை இழந்த செல்களை. ரத்தம் துளிர்க்கும் இடம்வரை போனால்தான் நகரத் தெரிந்த செல்கள் புது விளிம்பாக அமையும். மேலோடு செதுக்கிவிட்டு நிறுத்தினால் பழைய ஓரமே மிஞ்சும்; இரண்டு வாரத்தில் மேடு திரும்ப வரும். சீவிய அன்று புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரிவது இயல்பு. அளவை ஒப்பிடும்போது சீவிய பின் எடுத்த அளவை அடுத்த முறை சீவிய பின் எடுக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காலுக்கு ரத்த ஓட்டம் இல்லாமல், காய்ந்து கறுத்துப்போன விரலை இப்படிச் சீவக் கூடாது. வெட்டிய இடம் ஆறாமல் புது அழுகலாகிவிடும். ரத்த ஓட்டத்தை அளந்துவிட்டுத்தான் கத்தி. வீட்டில் பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலப் பட்டையை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலில் அந்த அமிலம் நல்ல தோலைத் தின்பது தெரியாது.

கேள்வி: உயிர்த்தொழில்நுட்ப முதுகலை மாணவன் நான். நீரிழிவுக் கால் புண் திசுவில் ஆர்என்ஏ வரிசை பார்க்கும் திட்டம் எழுதுகிறேன். மாதிரி எடுப்பதில் எதில் கவனம் வேண்டும்?
(வாசகர், கோவை)

பதில்: கருவியைவிட மாதிரியில்தான் இந்த ஆய்வுகள் தோற்கின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளியின் ஒப்புதல் இரண்டும் கிடைத்த பிறகு, பயாப்சி எடுக்கும் முன் விரல் அழுத்தம் பாருங்கள். ரத்தம் போகாத காலில் துளை போட்டால் ஆய்வே ஒரு புதுப் புண்ணை உண்டாக்கும். 3 அல்லது 4 மி.மீ. பஞ்ச் (வட்டத் துளைக் கத்தி) போதும். எங்கே எடுக்கிறீர்கள் என்பதை முதல் நோயாளிக்கு முன்பே எழுதி வையுங்கள். விளிம்பில் எடுத்தால் தோல் செல்களும், படுகையில் எடுத்தால் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் வெள்ளணுக்களும் அதிகம் வரும். பாதிப் பேரிடம் விளிம்பு, பாதிப் பேரிடம் படுகை என்று கலந்துவிட்டால், பிறகு நீங்கள் காணும் வித்தியாசம் நோயின் வித்தியாசமா, துளை போட்ட இடத்தின் வித்தியாசமா என்று பிரிக்கவே முடியாது. மரப்பு ஊசியைத் துண்டு எடுக்கும் இடத்தில் போடாமல் சுற்றிப் போடச் சொல்லுங்கள். சீவுவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதையும் குறியுங்கள். மேலே திருச்சி வாசகிக்குச் சொன்ன காரணத்தால் இரண்டும் இரண்டு திசுக்கள்.

எடுத்த துண்டு ஏதாவது ஒரு பக்கமாவது 5 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும். உடனே ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் கரைசலில், துண்டின் கன அளவைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு எடுத்து அமிழ்த்துங்கள். ஓர் இரவு 4 டிகிரியில் ஊறட்டும், பிறகு மைனஸ் 80. நேரே மைனஸ் 80-ல் வைத்தால் கரைசல் நடுவரை ஊறும் முன் உறைந்துவிடும். உள்ளே இருக்கும் ஆர்என்ஏ சிதையும். காய்த்துப்போன பாதத் தோல் கடினமானது, செல் குறைவு. உலோக மணி போட்டு அரைத்தாலும் ஆர்என்ஏ கொஞ்சமாகத்தான் கிடைக்கும். ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் தர எண் (ஆர்ஐஎன்) 7-க்குக் கீழே இருப்பதை மற்றவற்றோடு கலக்க வேண்டாம்.

ஒவ்வொரு செல்லையும் தனியே படிக்கும் தனிச்செல் முறை என்றால் ஆர்என்ஏலேட்டர் உதவாது. துண்டைப் பனிக்கட்டிக் குளிரில் கொண்டுபோய்ச் சில மணி நேரத்துக்குள் செல்களைப் பிரிக்க வேண்டும். 37 டிகிரியில் நொதி போட்டுப் பிரிக்கும்போதே செல்கள் அதிர்ந்து ஃபாஸ், ஜுன், வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை ஏற்றிவிடும். அவற்றைப் புண்ணின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். நியூட்ரோஃபிலில் ஆர்என்ஏ குறைவு, அதை அழிக்கும் நொதி அதிகம், சீக்கிரம் செத்தும் போகும். அதனால் இந்த முறையில் நியூட்ரோஃபில் இல்லை என்று வந்தால், திசுவைச் சாயமேற்றிக் கண்ணால் பார்க்கும்வரை நம்ப வேண்டாம். ஒரு சிறு துண்டைக் கட்டாயம் ஃபார்மலினில் போட்டு வையுங்கள்.

ஒப்பீட்டுக்கு முன்கைத் தோலை எடுப்பது பலர் செய்யும் தவறு. உள்ளங்கால் தோலில் கெரட்டின் 9 உண்டு, முன்கையில் இல்லை. பாதத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஹாக்ஸ்ஏ13-ஐ இயக்கும், முன்கையில் இருப்பவை இயக்காது. இவை நோயின் அடையாளம் அல்ல, உடம்பில் இருக்கும் இடத்தின் அடையாளம். புண் இல்லாத நீரிழிவு நோயாளியின் பாதத் தோலே சரியான ஒப்பீடு. அதைவிடவும் நல்லது, புண் உள்ளவர்களையே 12 வாரம் தொடர்ந்து, ஆறியவர்களையும் ஆறாதவர்களையும் ஒப்பிடுவது. ‘ஆறியது’ என்றால் என்ன என்பதையும் முதலிலேயே வரையறுங்கள். தோல் முழுதாக மூடி, கசிவு இல்லாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் அப்படியே இருக்க வேண்டும்.

கணக்கில் இரண்டு பள்ளங்கள். 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எதுவுமே மாறாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் மாறியது போலத் தோன்றும். பன்மைச் சோதனைத் திருத்தம் இல்லாமல் பட்டியல் போடக் கூடாது. இன்னொன்று, ஆறு நோயாளிகளிடம் 30,000 செல் எடுத்தாலும் உங்கள் எண்ணிக்கை ஆறுதான். செல்லை எண்ணிக் கணக்குப் போட்டால் எல்லாமே முக்கியமாகத் தெரியும்.

ஒரு மரபணுவின் ஆர்என்ஏ அளவைத் தனியே அளக்கும் க்யூபிசிஆரில் முடிவைச் சரிபார்க்கும்போது, பலரும் வழக்கமாக எடுக்கும் கேப்டிஎச் மரபணுவை மட்டும் ஒப்பீட்டு மரபணுவாக வைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் அதுவே ஏறும். ஆறாத புண்ணில் ஆக்சிஜன் குறைவு. இரண்டு, மூன்று மரபணுக்களைச் சோதித்து நிலையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எலியில் சோதிக்கத் திட்டம் இருந்தால், எலித் தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தசை காயத்தை இழுத்தே மூடிவிடும் என்பதை மறவாதீர்கள். காயத்தைச் சுற்றி வளையம் தைத்துச் சுருங்காமல் தடுத்தால்தான் மனிதப் புண்ணுக்குக் கொஞ்சமாவது நெருங்கும்.

கேள்வி: கற்பூரவல்லியும் வல்லாரையும் சேர்த்துச் செய்த களிம்பு சர்க்கரைப் புண்ணை ஆற்றுவதாகத் தைவானில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்கள். இரண்டும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருக்கின்றன. அரைத்துப் போடலாமா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: செய்தி உண்மை; அரைத்துப் போடக் கூடாது. ஓஎன்101 என்ற அந்தக் களிம்பில் கற்பூரவல்லியிலிருந்தும் வல்லாரையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகள்தான் இருக்கின்றன. 236 பேரிடம் நடந்த சோதனையில் 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்கும், வழக்கமான உறிஞ்சும் கட்டுப் போட்டவர்களில் 35.1 சதவீதம் பேருக்கும் புண் முழுதாக ஆறியது. 2021-ல் வெளியான முடிவு இது. அழற்சி மூட்டும் எம்1 வகை மேக்ரோஃபேஜைக் குறைத்து, திசு கட்டும் எம்2 வகையைக் கூட்டுவதே அதன் வேலை என்கிறார்கள்.

முன்பு சொன்ன 2022 ஆய்வில் புண் ஆறியவர்களிடம் எம்1 பக்கம் சாய்ந்த மேக்ரோஃபேஜ்கள்தான் அதிகம் இருந்தன. முரணாகத் தெரிகிறதல்லவா? எம்1, எம்2 என்று இரண்டே பெட்டியில் அடைப்பது போதாது. எந்த நாளில், புண்ணின் எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்து ஒரே செல் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும் என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

தோட்டத்து இலைக்கு வருவோம். மண்ணில் வளர்ந்த இலையில் பாக்டீரியா வித்துகளும் பூஞ்சையும் இருக்கும், கழுவினால் போகாது. திறந்த புண்ணில் அந்த விழுது வைத்தால் எலும்புவரை கிருமி போகலாம். சோதனையில் சேர்ந்தவர்களுக்கு, புண்ணின் ஆழத்தைச் சொல்லும் வாக்னர் அளவுகோலில் 1, 2 நிலைப் புண்கள்தான் இருந்தன. எலும்பில் சீழ் பிடித்த புண்கள் அல்ல. இலையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். புண்ணைக் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். நுரை வருவது சுத்தமாவது போலத் தோன்றும், ஆனால் அது புதிதாக வரும் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் கொல்கிறது.

கேள்வி: வளர்ச்சிக் காரணி ஜெல், மரபணு ஊசி என்றெல்லாம் சொல்கிறார்கள். எதற்குப் பணம் செலவழிக்கலாம்?
(வாசகர், மதுரை)

பதில்: மரபணு ஊசிக்கு இப்போது வேண்டாம். ரத்தக்குழாய் வளர உதவும் மரபணுவைத் தசைக்குள் செலுத்தும் முயற்சிகள் பல நடந்தன. டமாரிஸ் என்ற பெரிய சோதனையில் 525 பேர். காலை இழப்பதையோ உயிரிழப்பையோ ஊசி குறைக்கவில்லை என்று 2011-ல் தெரிந்தது. ஜப்பான் 2019-ல் இத்தகைய ஒரு மரபணு மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. முழு அனுமதிக்கான விண்ணப்பத்தை 2024-ல் நிறுவனமே திரும்பப் பெற்றது.

வளர்ச்சிக் காரணி என்பது செல்களைப் பெருகத் தூண்டும் புரதம். அதைக் கொண்ட ஜெல்களில் பழையது பெகாப்லெர்மின். 0.01 சதவீதம், 1997-ல் அமெரிக்க அனுமதி. முக்கியச் சோதனையில் 20 வாரத்தில் 50 சதவீதம் பேருக்கு ஆறியது. வெறும் ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தினம் ஒருமுறை ஒன்றரை மி.மீ. கனத்துக்குத் தடவி, 12 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். கனமாகப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்பதில்லை. கியூபாவில் 2006 முதல் இன்னொரு வளர்ச்சிக் காரணியை, ஒரு முறைக்கு 75 மைக்ரோகிராம், வாரம் மூன்று முறை புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். மேலே தடவினால் புண்ணில் நிறைந்திருக்கும் எம்எம்பி-9 போன்ற நொதிகள் அந்தப் புரதத்தைச் செரித்துவிடும் என்பதால் இந்த வழி.

முதல் நான்கு வாரம் சாதாரணச் சிகிச்சையைச் சரியாகச் செய்து அளந்து பாருங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். 4 செ.மீ.க்கு 3 செ.மீ. என்றால் 12. நான்கு வாரத்தில் அது 6 அல்லது அதற்குக் கீழே வரவில்லை என்றால் 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு குறைவு; அப்போது ஜெல்லைப் பற்றிப் பேசலாம். ரத்தக்குழாய் அடைப்பு நீங்காமல், சீழ் வடியும் புண்ணில் ஜெல் போடுவது வீண் செலவு.

கேள்வி: கால் புண் ஆறுமா என்று மரபணுச் சோதனை செய்து சொல்வதாக ஒரு ஆய்வகம் விளம்பரம் செய்கிறது. எடுக்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். ரத்தத்திலோ எச்சிலிலோ எடுக்கும் டிஎன்ஏ, இன்று உங்கள் புண் விளிம்பில் நடப்பதைச் சொல்லாது. அமெரிக்காவில் 2018-ல் தொடங்கிய நீரிழிவுக் கால் ஆய்வுக் கூட்டமைப்பு, சீவி எறியும் திசுவிலேயே சி-மிக்கை அளந்து புண் ஆறுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா எனச் சோதிக்கிறது. அதுதான் சரியான பாதை.

கேள்வி: புண் இருக்கும் காலுக்கே மாவுக்கட்டுப் போடுகிறேன் என்கிறார் மருத்துவர். உள்ளே அழுகிப் போகாதா?
(வாசகர், வேலூர்)

பதில்: இந்தக் கேள்வி வேலூரிலிருந்து வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களில் இருந்த புண்களை மாவுக்கட்டால் ஆற்றினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அதே முறையை நீரிழிவுக் கால்களுக்கும் கொண்டுசென்றார். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கவும் காலிலும் பரவும். 2001-ல் வந்த சோதனையில் 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதம் புண்கள் ஆறின. கழற்றக்கூடிய பூட்ஸில் 65 சதவீதம்தான். பூட்ஸ் மோசம் என்பதல்ல. கழற்ற முடிந்தால் வீட்டில் கழற்றிவிடுகிறோம். அளந்து பார்த்ததில் நடந்த அடிகளில் 28 சதவீதத்தில்தான் அதை அணிந்திருந்தார்கள்.

அழுத்தம் நீங்கினால் திசுவே மாறுகிறது. 2003-ல் இத்தாலியில், சுமார் 20 நாள் மாவுக்கட்டில் இருந்த புண்களையும் கட்டாத புண்களையும் பயாப்சியில் ஒப்பிட்டார்கள். கட்டியவற்றில் அழற்சி தணிந்து புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. மரபணு வெளிப்பாட்டைத் திருப்பிவிட இன்று நம்மிடம் உள்ள மலிவான வழி இதுதான்.

முதல் கட்டை இரண்டு, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்து உராயும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. கட்டுக்குள் நாற்றம், காய்ச்சல், திடீரென ஏறும் சர்க்கரை, கட்டின் மேல் ஈரக் கறை, இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் மிகக் குறைந்தவருக்கும், ஆழமாகக் கிருமி பிடித்தவருக்கும் இது ஆகாது.

கேள்வி: ஆறிவிட்டது. இனிப் பயம் இல்லைதானே?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்ப வருகிறது. மேலே தோல் மூடினாலும் நரம்பு மரத்ததும் அழுத்தம் விழும் இடமும் மாறவில்லை. வீட்டுக்குள்ளும் எம்சிஆர் (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்புப் போடுங்கள். கோடையில் கோயில் பிராகாரத்தின் சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. காலை நேரத்தில் போங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் தினமும் இரண்டு பாதங்களிலும் ஒரே இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதம் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக, இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், தோல் கிழியும் முன்பே நடையைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.